ஒன்பது நாளில் எத்தனை தீவு?

மே விடுமுறையில் ஒன்பது நாள் மொரீஷியஸ் வருகிறீர்கள். நீங்கள் இருவர், பத்து வயதிலும் பதினான்கு வயதிலும் பிள்ளைகள், கூடவே அறுபத்தெட்டு வயது அம்மா. பெரிய தீவோடு நிற்காமல் சுற்றியுள்ள சின்னத் தீவுகளையும் பார்க்க ஆசை. ஏஜென்ட் எட்டுத் தீவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, "கிழக்கே தூரத்தில் இருக்கிற ரொட்ரீக் தீவில் ஒன்றுமில்லை, அதற்குப் பதில் இரண்டு நாள் பிரெஞ்சுத் தீவான ரியூனியன் போய் வாருங்கள்" என்கிறார். இது சரிப்படுமா, சைவம் சாப்பிடும் அம்மாவுக்குத் தீவுகளில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். வேலைக்கு வந்த இடத்தில் பெண்ணும் எடுத்து, காத்ர் போர்னில் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறேன். மனைவியின் பிறந்த வீடு தென்கிழக்கே மாஹேபூரில். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களை எல்லாம் படகில் ஏற்றி இறக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: எட்டை மூன்றாக்குங்கள். அந்த மூன்றில் ரொட்ரீக் கட்டாயம் இருக்கட்டும். ரியூனியன் இந்த முறை வேண்டாம்.

முதலில் அந்த எட்டுக் கணக்கைப் பார்ப்போம். தென்கிழக்குக் கரையில் "ஐந்து தீவு" என்று ஒரு ஸ்பீட் போட் சுற்றுலா பல பேர் நடத்துகிறார்கள். கலங்கரை விளக்கத் தீவு, கோட்டைத் தீவு, வாக்குவா எனப்படும் தாழைத் தீவு, எக்ரெத், கடைசியில் ஈல் ஓ செர். இதில் உங்கள் கால் படுவது இரண்டிலோ மூன்றிலோதான். மற்ற இடங்களில் படகை மெதுவாக்கி "அதோ" என்று கை காட்டுவார்கள். வடக்கே போகிற படகும் அப்படித்தான். செங்குத்தாக நிற்கிற குவான் த மீர் பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டு அதையும் ஒரு தீவாக எண்ணிவிடுவார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான் டிக்கெட் விற்கிறது.

இங்கே எந்தத் தீவுக்குப் போகலாம் என்று முடிவு செய்வது காற்று. மொரீஷியசைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுக்கப் பவளப் பார், அதாவது பவளப் பாறைத் தடுப்பு, இருக்கிறது. பாருக்கும் கரைக்கும் நடுவில் ஆழமில்லாத, பச்சை நிறக் கடல். அதைத்தான் எல்லோரும் லகூன் என்கிறார்கள். பாருக்கு உள்ளே இருக்கிற தீவுக்கு வயதானவர்கள், குழந்தைகள் யாரும் போகலாம். பாருக்கு வெளியே இருக்கிற தீவு என்றால் திறந்த இந்தியப் பெருங்கடலில் போகிறீர்கள் என்று அர்த்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பிடித்துத் தள்ளும். அப்போது கிழக்குக் கரை குளிரும், மேற்குக் கரை தட்டுப்போல் கிடக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்; அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மோசம். நீங்கள் தேர்ந்தெடுத்த மே இரண்டுக்கும் நடுவில் வருகிறது. புயல் அநேகமாக ஓய்ந்திருக்கும், காற்று இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது, தண்ணீரிலும் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். மாதத்தை நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இது தெரியாமல் ஒரு ஜூலையில் என் அண்ணன் குடும்பத்தை கிரான் பேயிலிருந்து வடக்குத் தீவுகளுக்கு கட்டமரானில் கூட்டிப் போனேன். ("கட்டுமரம்" என்ற நம் சொல்தான் உலகம் சுற்றிவிட்டு இந்தப் பேரில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஏறிப் பார்த்தால் சோபா போட்டிருக்கும்.) பாரைத் தாண்டிய ஐந்தாவது நிமிடத்தில் அண்ணிக்குத் தலை சுற்றல். பத்தாவது நிமிடத்தில் அண்ணனுக்கும். ஈல் பிளாத் போய்ச் சேரும்போது, அடுப்பில் மீன் சுடுகிற வாசனையே எமன் மாதிரி இருந்தது. காலையில் காற்றைப் பார்த்ததும் இன்னொரு நாள் போகலாமா என்று படகு நடத்துபவரிடம் கேட்டிருந்தேன். "பணம் திரும்ப வராது, கடல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அவருக்குக் கடல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்! அதனால் படகுப் பதிவை ஊரிலிருந்தே செய்து பணம் கட்டிவிடாதீர்கள். இங்கே வந்து இறங்கி, வானிலை அறிவிப்பில் "பாருக்கு வெளியே கொந்தளிப்பு" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முந்தைய நாள் சாயங்காலம் சொன்னால் போதும். மே மாதத்தில் இடம் கிடைக்கும்.

சரி, அந்த வடக்குத் தீவுகள் எப்படி? அழகுதான். ஈல் பிளாத்தும் பக்கத்துக் கேப்ரியலும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஆழமில்லாத தெளிந்த கடல். ஆனால் பெரும்பாலான படகுகள் சொல்லாத ஒன்று உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பல்களில் நோய் தெரிந்தால், ஆட்களைப் போர்ட் லூயிசில் இறக்காமல் இந்தத் தீவுகளில்தான் ஒதுக்கி வைத்தார்கள். 1856-ல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் ஆட்களை இங்கே இறக்கினார்கள். காலரா பரவியது, நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கில அரசே கொஞ்ச காலம் மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி வைத்தது. பழைய ஒதுக்கிடக் கட்டடங்களின் மிச்சமும், 1855-ல் கட்டிய கலங்கரை விளக்கமும் ஈல் பிளாத்தில் இருக்கின்றன. படகு நிற்கிற நேரத்தில் அரை மணி நடந்தால் பார்க்கலாம். கூட வருகிறவர்கள் அநேகமாக பீர் குடித்துக்கொண்டு கரையிலேயே இருப்பார்கள்.

இன்னும் வடக்கே வட்டத் தீவு என்றும் பாம்புத் தீவு என்றும் இரண்டு உண்டு. வட்டத் தீவு வட்டமாக இல்லை, அதில் பாம்பு இருக்கிறது. பாம்புத் தீவு வட்டமாக இருக்கிறது, அதில் பாம்பு இல்லை. வரைபடம் எழுதியவன் பேரை மாற்றிப் போட்டுவிட்டான் என்று இங்கே எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டுக்கும் பயணிகளை விடமாட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு வடக்குத் தீவு எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. திறந்த கடல், அப்புறம் சின்ன ரப்பர் படகு, அதற்கப்புறம் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

ஈல் ஓ செர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். த்ரூ தோ தூஸ் என்ற ஊரிலிருந்து பாருக்கு உள்ளேயே படகு போகும். மணல் வெள்ளை, தண்ணீர் பச்சை, ஆனால் கூட்டம். கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பாராசூட்டில் தூக்குவது, வாழைப்பழ ரப்பரில் இழுப்பது எல்லாம் உண்டு. பெயருக்கு அர்த்தம் மான் தீவு. டச்சுக்காரர்கள் 1639-ல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்களின் வம்சம் பெரிய தீவின் காட்டில் இன்னும் இருக்கிறது, இந்தத் தீவில் கிடையாது. பிள்ளைகள் குதிப்பதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஒதுக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

நான் நேரம் ஒதுக்கச் சொல்வது எக்ரெத் தீவுக்கு. மாஹேபூரை ஒட்டிய புவான்ட் ஜெரோமிலிருந்து படகில் ஐந்து பத்து நிமிடம். கரையிலிருந்து 800 மீட்டர் தூரம்தான். மொத்தமே 26 ஹெக்டேர், நம் கணக்கில் 65 ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. மொரீஷியஸ் எரிமலைக் கல்லால் ஆனது, இது பவளச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மேலேறியதும் காலுக்கடியில் வித்தியாசம் தெரியும். மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பார்த்துக்கொள்கிறது. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். குளியலும் கிடையாது, கடையும் கிடையாது. இதனால்தான் ஏஜென்ட்கள் இதைக் கடந்துபோகிற தீவாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே கருங்காலிக் காடு. டச்சுக்காரர்கள் வந்தபோது மொரீஷியஸ் கடலோரத் தாழ்நிலம் எப்படி இருந்ததோ, அதன் கடைசித் துண்டு. நூறு வருடக் கருங்காலி மரம் நம் தொடை அளவுகூட இருக்காது, அவ்வளவு மெதுவாக வளரும். காட்டுக்குள் சேஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்த ராட்சத ஆமைகள் திரிகின்றன. மொரீஷியசின் சொந்த ஆமைகளை மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள். அதனால் வந்த கேடு அப்புறம்தான் புரிந்தது: கருங்காலிப் பழத்தை விழுங்கிக் கொட்டையை வேறிடத்தில் போட ஆள் இல்லை. பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. வெளியூர் ஆமையை விட்ட பிறகு அது தின்கிறது, நடக்கிறது, கழிக்கிறது, கன்று முளைக்கிறது. ஆமையின் வயிற்றில் போய் வந்த கொட்டை மற்றதைவிட நன்றாக முளைக்கிறதாம். எங்கள் வழிகாட்டி ஒரு காய்ந்த ஆமைச் சாணத்தைக் குச்சியால் பிளந்து கொட்டைகளை எடுத்து என் மகள் கையில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லோரிடமும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

அங்கே இளஞ்சிவப்புப் புறாவையும் பார்க்கலாம். 1990 வாக்கில் காட்டில் பத்தே புறா மிச்சம். இப்போது சில நூறு இருக்கின்றன. மரத்தடியில் உட்கார்ந்தால் டெல்ஃபேர் அரணை காலைச் சுற்ற வரும். நம் ஊர் அரணையைவிடப் பெரிது, பயமே இல்லாதது. நடை ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். பாதை சமதளம், நிழலும் உண்டு. அம்மா தாராளமாக வரலாம். கொசு இருக்கும், முழுக்கால் உடுப்பு நல்லது.

இந்தத் தீவுக்கு எதிரே புவான்ட் தெஸ்னி. அங்கேதான் 2020 ஜூலை 25-ந் தேதி வாக்காஷியோ கப்பல் பாரில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-ந் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஏறத்தாழ ஆயிரம் டன் கடலில் கலந்தது. மாஹேபூர்க் கரையில் அந்த வாரம் யாரும் வீட்டில் இல்லை. கரும்புச் சோகையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைத் துணியில் அடைத்து நீளமான திண்டு மாதிரித் தைத்து, பாட்டில்களைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டார்கள், எண்ணெயைத் தடுக்க. என் மாமியார் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தீவிலிருந்து அரிய செடிக்கன்றுகளையும் பல்லிகளையும் அப்போது அவசரமாகப் பெரிய தீவுக்கு மாற்றினார்கள்.

மாஹேபூரில் இரண்டு இரவு தங்குங்கள். விமான நிலையம் பக்கத்தில்தான், வந்து இறங்கிய களைப்பில் நீளப் பயணம் மிச்சம். புளூ பே கடல் பூங்காவில் அடியில் கண்ணாடி வைத்த படகு உண்டு. நீச்சல் தெரியாத அம்மாவும் பவளத்தைப் பார்க்கலாம். பெரிய பையனுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் கோட்டைத் தீவு, அதாவது ஈல் த லா பாஸ். 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியை இறக்காமல் அப்படியே பறக்கவிட்டு, வருகிற பிரெஞ்சுக் கப்பல்களை உள்ளே இழுத்தார்கள். தந்திரம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்புறம் நடந்த சண்டையில் ஆங்கிலேயரின் இரண்டு கப்பல் பாரில் சிக்கி, அவர்களே தீ வைத்துக் கொளுத்த வேண்டியதாயிற்று. பாரிஸ் வெற்றி வளைவில் பொறித்திருக்கிற கடற்போர் வெற்றி இது ஒன்றுதான். அதே வருடம் டிசம்பரில் தீவு முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போனது வேறு கதை.

மாஹேபூரில் இருக்கிற நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் சந்தைக்குப் போங்கள். காய்கறிக்காரரிடம் காதைக் கொடுங்கள். முருங்கைக்கீரைக்கு "ப்ரேத் முரூம்" என்பார். பீர்க்கங்காய்க்கு "பிப்பங்காய்". கறிவேப்பிலைக்கு "கரிப்பூலே". சொல்கிறவர் ஆப்பிரிக்க வம்சமோ சீன வம்சமோ, யாராக இருந்தாலும் சொல் அதுதான். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு; வீட்டுமொழி கிரியோல். என் மாமனார் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பார். ஆனால் பேர் எல்லாம் முத்துசாமி, வீரப்பன், சின்னத்தம்பி. பணத்தை எடுத்துப் பாருங்கள், நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், நம் ஆள்.

இனி ரொட்ரீக். பெரிய தீவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கிழக்கே. ஒன்றரை மணி நேரம், விசிறி வைத்த ஏடிஆர் விமானம். பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் சுற்றியுள்ள லகூன் அதைப்போல் இரண்டு மடங்கு. மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்ததுதான். 2002 முதல் தன்னாட்சி உண்டு. உங்களுக்குத் தனி விசா தேவையில்லை, பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். பெட்டி எடை வரம்பு சர்வதேச விமானத்தைவிடக் குறைவு, டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏஜென்ட் சொன்னது ஒருவகையில் உண்மை. பெரிய கடைத்தெரு இல்லை, சினிமா இல்லை, போக்குவரத்து விளக்குக்கு அவசியமே இல்லை. போர் மாத்தூரேன் என்ற ஊர்தான் தலைநகர். நம் ஊர் பேரூராட்சி அளவு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கடை மூட ஆரம்பித்துவிடும். இந்த அமைதிக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி, ரொட்ரீகில் போலீஸ் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ் கிழக்கே தூரத்தில் பீரங்கி முழங்குவது மாதிரிச் சத்தம் கேட்டதாக எழுதி வைத்தார்.

அங்கே நான்கு இரவு போடுங்கள். ஹோட்டலை விட வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறை நல்லது. ராச்சாப்பாடு அந்த வீட்டு மேசையிலேயே, அவர்களோடு உட்கார்ந்து. ஒரு நாள் கொக்கோ தீவுக்கு. மேற்குக் கரையிலிருந்து லகூனுக்குள்ளேயே ஒரு மணி நேரம் படகு. தண்ணீர் அவ்வளவு ஆழமில்லை. பல இடத்தில் அடி மணல் தெரிந்துகொண்டே வரும், அலை அடிக்காது. தீவில் சவுக்கு மரங்கள், மரம் முழுக்கப் பறவை. பாதித் தீவு பறவைக்கு, அங்கே வேலி, மீதியில்தான் நாம். வெள்ளை ஆலா என்று ஒரு பறவை, கண் மட்டும் கறுப்பு. அது கூடு கட்டுவதில்லை. வெறும் கிளையில், பட்டை கொஞ்சம் குழிந்த இடத்தில் ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு அதன்மேல் உட்காரும். நான் பார்த்தது என் தலைக்கு இரண்டடி மேலே. காற்றில் கிளை ஆடுகிறது, முட்டை ஆடுகிறது, பறவை ஆடாமல் என்னைக் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறது. என் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "விழாதா அப்பா?" விழத்தான் செய்யும், சிலது. குஞ்சு பொரிக்கும்போதே பெரிய பாதத்தோடு, கிளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வரும். தொப்பி கொண்டுபோங்கள், வெயிலுக்கு மட்டும் அல்ல.

இன்னொரு நாள் விடிகாலையில், கடல் வற்றுகிற நேரம் கேட்டுக்கொண்டு, கரையில் போய் நில்லுங்கள். பூட்ஸ் மாட்டி, தலையில் ஓலைத் தொப்பி வைத்த பெண்கள் கையில் இரும்புக் கம்பியோடு லகூனுக்குள் நடந்து போவார்கள். பேய்க்கணவாய் பிடிக்க. இங்கே அதற்கு "ஊரித்" என்று பேர். கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் போய்விடுவார்கள்; தூரத்தில் பார்த்தால் கடல்மேல் நடப்பது மாதிரி இருக்கும். பிடித்ததைக் கம்பு நட்டுக் கொடியில் காயப்போட்டிருப்பார்கள், நம் பக்கம் கருவாடு காய்கிற மாதிரி. குட்டிகளையும் விடாமல் பிடித்து எண்ணிக்கை விழுந்துபோனதால், 2012-லிருந்து வருடத்தில் சில வாரம் பிடிக்கத் தடை போடுகிறார்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பெரிய தடை. தடை முடிந்து முதல்நாள் இறங்குவது அங்கே ஒரு திருவிழா. நீங்கள் அவர்கள் பின்னால் தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் வெறுங்காலோடு வேண்டாம். கல்லோடு கல்லாகக் கிடக்கிற கல்மீன் இருக்கிறது, குத்தினால் ஆஸ்பத்திரிதான்.

ஃபிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர் 1691-ல் இங்கே வந்து இரண்டு வருடம் இருந்தார். ஆமை முதுகின் மேல் கால் வைத்தே நூறடிக்கு மேல் போகலாம், தரையில் கால் படாது என்கிற அளவுக்கு அப்போது கூட்டமாம். அத்தனையும் அழிந்தன, சொலித்தேர் என்ற பறக்காத பெரிய பறவையும் அழிந்தது. அவர் பெயரில் இப்போது ஒரு சரணாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த ராட்சத ஆமைகள் அங்கே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மேய்கின்றன. சின்னப் பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும். கழுத்தைச் சொறிந்துவிட்டால் காலை ஊன்றி எழுந்து நின்று நீட்டிக் காட்டும். பக்கத்தில் சுண்ணாம்புக் குகை. அதற்குள் ஏறி இறங்கும் படிகள் உண்டு, அம்மா மேலேயே ஆமைகளோடு இருக்கட்டும்.

கிழக்கே சேன் ஃபிரான்சுவாவிலிருந்து கிராவியே வரை கடலோர நடை ஒன்று இருக்கிறது. நடுவில் த்ரூ தார்ஜான்: இரண்டு பாறைக்கு இடையில், ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு மணல். அதை அடைய வண்டிப் பாதை கிடையாது. பெரிய பையனோடு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். வழியில் கடை இல்லை, தண்ணீர் இரண்டு பாட்டில்.

ஒரு எச்சரிக்கை. ரொட்ரீகைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். காற்றும் மழையும் சேர்ந்தால் அந்தச் சின்ன விமானம் நிற்கும், மறுநாள்தான் கிளம்பும். சென்னை விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டு இரவு மாஹேபூர், நான்கு இரவு ரொட்ரீக், மீதி நாள் பெரிய தீவில் மேற்கே அல்லது போர்ட் லூயிஸ் பக்கம். போர்ட் லூயிசில் ஆப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறையைப் பாருங்கள். 1834-லிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறிய படிகள் இன்னும் இருக்கின்றன. கைலாசன் கோயிலில் மீனாட்சி இருக்கிறாள். மேற்கே லா கோலெத்திலிருந்து போகிற பெனிச்சியே தீவு லகூனுக்குள் இருப்பதால் நிம்மதியான அரைநாள். டால்பின் பார்க்கக் கூப்பிடுவார்கள். நாலு டால்பினைச் சுற்றி இருபது படகு நிற்பதைப் பார்த்த பிறகு நான் போவதில்லை. லெ மோர்னில் "கடலுக்கடியில் அருவி" என்று படம் காட்டுவார்கள். அது மணலும் வண்டலும் ஆழத்தில் சரிவதால் வருகிற தோற்றம், ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். படகில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரியூனியன் ஏன் வேண்டாம்? அது மோசம் என்று அல்ல. அது பிரான்சின் ஒரு மாவட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மொரீஷியசில் முன்கூட்டி விசா வேண்டாம், ரியூனியனில் பிரெஞ்சுச் சட்டம். சாதாரண ஷெங்கன் விசாவும் அங்கே தானாகச் செல்லாது. அதுவும் தவிர, அது மலைத் தீவு. 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரம், இன்னும் நெருப்புக் கக்குகிற பித்தோன் த லா ஃபூர்னேஸ், கார் போகாத பள்ளத்தாக்கு கிராமங்கள். சுறா பயத்தால் 2013-ல் லகூனுக்கு வெளியே, கண்காணிப்பு உள்ள சில இடங்களைத் தவிர, கடல் குளியலுக்கே தடை போட்டார்கள். நம் மக்களை அங்கே "மலபார்" என்பார்கள், தீமிதி இன்னும் நடக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வாரம், நல்ல ஷூவோடு வாருங்கள். இரண்டு நாளில் விமான நிலையத்தையும் ஒரு மலைவளைவையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

கடைசியாக அம்மாவின் சாப்பாடு. பெரிய தீவில் கவலை இல்லை. தெருவுக்குத் தெரு தால் பூரி, காத்தோ பிமாங் என்கிற குட்டிப் பருப்பு வடை. கோயில் விசேஷ நாளாக அமைந்தால் வாழை இலையில் ஏழு கறியும் ரசமும். படகுச் சுற்றுலாவில்தான் சிக்கல். "வெஜிடேரியன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், மீன் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. கிரியோலில் பிரித்துச் சொல்லுங்கள்: "சான் லாவியான், சான் புவாசோன், சான் திசேஃப்." இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். ரொட்ரீகில் அறை பதிவு செய்யும்போதே இதை எழுதிவிடுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் அவர்களுக்கும் கடையில் ஒன்றும் கிடைக்காது. எங்களுக்கு அந்த வீட்டு அம்மாள் சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு, பூசணிக்காய், முரூம் கீரை, சோறு என்று வைத்தார். என் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள அந்த ஊர்க் குட்டி எலுமிச்சை ஊறுகாய், காரம் தூக்கி அடிக்கும். சனிக்கிழமை காலை போர் மாத்தூரேன் சந்தையில் அது பாட்டிலில் கிடைக்கும், தேனும் அங்கேயே வாங்கலாம். இரண்டையும் கைப்பையில் வைக்காதீர்கள், விமானத்தில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போடுங்கள்.